1968 ரோட் ரன்னர்: எங்கிருந்து பிரிக்கத் தொடங்குவது?

கேள்வி: கொட்டகை68

அனைவருக்கும் வணக்கம். டெட்ராய்ட்டுக்கு மேற்கே லிவோனியாவில் வசிக்கிறேன். சென்ற மாதம் 1968ஆம் ஆண்டின் பிளிமத் ரோட் ரன்னர் கார் ஒன்று என் கைக்கு வந்தது. எங்கள் தெருமுனை வீட்டில் இருந்த பெரியவர் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1991இல் அதைக் கடைசியாக ஓட்டி வந்து வீட்டின் பின்புறத்து மரக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறார். சென்ற ஆண்டு அவர் காலமானார். கொட்டகைக் கதவின் இடுக்கில் பல ஆண்டுகளாக நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய மனைவிக்குத் தெரியும். அதனால் பழைய கார் வணிகர்கள் இருவர் கேட்டும் கொடுக்காமல் என்னை அழைத்துக் கொடுத்தார். இதைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றுவிடக் கூடாது என்பது மட்டுமே அவர் வைத்த நிபந்தனை. அந்த வாக்கைக் காப்பாற்ற விரும்புகிறேன். ஆகவே ஆழமாகக் கை வைக்கும் முன் உங்களிடம் கேட்கிறேன்.

காரின் நிலையைச் சொல்கிறேன். நடுத்தூண் உள்ள இரண்டு கதவு வண்டி, முன்னால் ஒரே நீள இருக்கை, நான்கு வேகக் கையியக்க கியர், தரையில் கம்பளத்துக்குப் பதில் ரப்பர் விரிப்பு. மூவாயிரம் டாலருக்குள் வாங்கக்கூடிய வேகமான கார் என்று அன்றைக்கு இதை விற்றார்கள். ஆகவே அலங்காரம் எதுவும் கிடையாது. 383 கன அங்குல என்ஜினும் 335 குதிரைத்திறனும்தான் கொடுத்த காசுக்குக் கிடைத்தவை. தம் சம்பளத்தில் வாங்க முடிந்த ஒரே வேகமான வண்டி இதுதான் என்று பெரியவர் ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் உள்ளங்கை அளவு ஓட்டை. அதன் வழியே கொட்டகையின் மண் தரை தெரிகிறது. டிக்கியின் இரு ஓரங்களும் அரித்துப் போயிருக்கின்றன. கண்ணாடிகளும் கதவுகளும் நன்றாக உள்ளன. என்ஜின் சுழல்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை. சக்கரங்களைக் கழற்றலாம் என்று தொடங்கியபோது, இடப்பக்க முன்சக்கரத்தில் நீளமான கம்பியைப் போட்டு அழுத்தியும் நட்டுகள் அசையவில்லை. இன்னும் அழுத்தியதில் இரண்டு போல்ட்டுகள் முறிந்துவிட்டன. முறிந்த இடத்தில் உலோகம் பளபளவென்று புதிதாக இருந்தது. துருப்பிடித்து முறிந்ததாகத் தெரியவில்லை. அத்துடன் நிறுத்திவிட்டேன்.

இரண்டு கார் நிற்கும் கராஜ் இருக்கிறது. மிக் வெல்டிங் கருவி ஒன்று வாங்கியிருக்கிறேன், பழகிக்கொண்டிருக்கிறேன். இதுவரை எங்கள் அன்றாட வண்டிகளுக்கு பிரேக் மாற்றியதும் ரேடியேட்டர் மாற்றியதுமே என் அனுபவம். முதலில் காரின் உடலா, என்ஜினா? முழுவதும் பிரித்துவிட வேண்டுமா? பழைய என்ஜினையே காப்பாற்ற வேண்டுமா? ஆகஸ்ட் மாதம் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் சாலையில் நடக்கும் பழைய கார்களின் ஊர்வலமான ட்ரீம் குரூஸில் பெரியவரின் மனைவியை இதே காரில் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் ஆசை.

மறுமொழி 1: டொலீடோ மோப்பார்

தம்பி, அந்த இடப்பக்கச் சக்கரத்தைத் தொடாமல் இதைப் படியுங்கள். நீங்கள் நட்டைத் தளர்த்தவில்லை, இறுக்கியிருக்கிறீர்கள். பிளிமத் கார்களைத் தயாரித்த கிரைஸ்லர் நிறுவனம் 1970 வரை தன் கார்களின் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை போல்ட்டுகளைப் பொருத்தியது. ஓடும்போது சக்கரம் சுழலும் திசையினால் நட்டு தானே கழன்றுவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதற்குக் காரணம். போல்ட்டின் முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், எல் என்ற எழுத்து தெரியும். அந்தப் பக்கத்து நட்டுகள் கடிகார முள் செல்லும் திசையில் திருப்பினால்தான் கழலும். வலப்பக்கம் வழக்கமான மரை.

முறிந்த இரண்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். புதியவை கிடைக்கின்றன, இடமரை என்று சொல்லி வாங்குங்கள். ஆனால் பழையவற்றைச் சுத்தியால் தட்டி வெளியேற்றாதீர்கள். அக்காலத்தில் முன்சக்கர போல்ட்டுகளை ஹப்போடும் டிரம்மோடும் சேர்த்துப் பிதுக்கி இறுக்கிவிடுவார்கள். அந்தப் பிதுக்கத்தை அதற்குரிய வெட்டுக் கருவியால் எடுத்துவிட்டுத்தான் பிரஸ்ஸில் வைத்து அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஹப்பின் துளை அகன்று புதிய போல்ட் பிடிக்காமல் போகும். அந்த வெட்டுக் கருவி என்னிடம் இருக்கிறது. டொலீடோவிலிருந்து லிவோனியா ஒரு மணி நேரம்தான், சனிக்கிழமை கொண்டுவருகிறேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வண்டிகளில் இப்படிப்பட்ட இடங்கள் இன்னும் பல இருக்கின்றன. முன்பக்க ஸ்பிரிங் சுருள் அல்ல, நீளவாட்டில் கிடந்து, முறுக்கேறி ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற தண்டு. இடதும் வலதும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் மாற்றிப் போடக் கூடாது. முனையில் எழுத்து பொறித்திருக்கும். சரிசெய்யும் போல்ட்டை முழுவதும் தளர்த்தி முறுக்கை இறக்காமல் அதன் அருகே கை வைக்கக் கூடாது. வெளியே எடுக்கும்போது தண்டின் மேல் இடுக்கிப் பல் பட்டால் அந்தக் கீறலிலிருந்தே பின்னாளில் வெடிப்பு தொடங்கும். ஆகவே 1968ஆம் ஆண்டு பிளிமத்துக்கான தொழிற்சாலைப் பழுதுபார்ப்பு நூலின் மறுபதிப்பை வாங்கி, ஒவ்வொரு பகுதியையும் தொடுவதற்கு முந்தின இரவு அந்த அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள்.

அடுத்து, வண்டியே தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள். முன்கண்ணாடி வழியாக டேஷ்போர்டின் மேல் தெரியும் தகட்டில் 13 எழுத்தெண்கள் இருக்கும். உங்கள் விவரிப்பின்படி அது ஆர்எம்21எச்8 என்று தொடங்க வேண்டும்: ஆர் என்பது பெல்வெடியர் வரிசை, எம் நடுத்தர விலை, 21 நடுத்தூண் உள்ள கூப்பே, எச் நான்கு குழல் கார்புரேட்டர் உள்ள 383, எட்டு என்பது 1968. அதற்கு அடுத்த எழுத்து தொழிற்சாலை. ஏ என்றால் டெட்ராய்ட்டின் லிஞ்ச் ரோடு, ஜி என்றால் செயின்ட் லூயிஸ். அந்தத் தகட்டைச் சாயம் பூசுவதற்காகக்கூடக் கழற்றாதீர்கள். சட்டச் சிக்கல் வரும். பானட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கத்து உள் மட்கார்டில் இரண்டு திருகாணிகளால் பிடித்த சிறு தகடு ஒன்று இருக்கும், நிறமும் கூடுதல் வசதிகளும் அதில் குறியீடுகளாக இருக்கும். பிறகு பின் இருக்கையைத் தூக்கி, அதன் ஸ்பிரிங் கம்பிகளுக்கு இடையில் விரலை மெதுவாக விட்டுத் தடவிப் பாருங்கள். தொழிற்சாலையில் அந்த வண்டிக்கென்று அச்சிட்ட தயாரிப்புத் தாள் அங்கே செருகப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. கிடைத்தால் மடிப்பை நீங்களே விரிக்காதீர்கள், ஐம்பது வருடத் தாள் கையிலேயே உதிர்ந்துவிடும்.

என் கருத்து, முழுவதும் பிரித்து வெறும் கூடாக்கிவிட்டு அடியிலிருந்து செய்வதே நல்லது. ஒவ்வொரு போல்ட்டும் தனி உறையில், உறை மேல் எழுத்தில், கழற்றும் முன் மூன்று கோணத்தில் படம். இந்த ஒழுங்கு இருந்தால் மூன்று ஆண்டுகள் கழித்தும் திரும்பப் பூட்டலாம்.

மறுமொழி 2: தகரமும் நெருப்பும்

காரின் உடல் வேலை என் தொழில் அல்ல. ஆனால் சேலத்தில் எங்கள் மாமாவின் டிங்கர் பட்டறையில் வளர்ந்தவன், இங்கே கடந்த பதினைந்து ஆண்டுகளில் இதே ரகத்தைச் சேர்ந்த இரண்டு கார்களுக்குத் தரை மாற்றியிருக்கிறேன். கேள்வியில் எனக்கு அச்சம் தந்த வரி அந்த உள்ளங்கை அளவு ஓட்டைதான்.

இந்தக் கார்களுக்குத் தனிச் சட்டம் கிடையாது. தரையும் பக்கவாட்டுப் பெட்டிகளும் டிக்கியும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, உடலே சட்டமாக நிற்கிறது. நீங்கள் பார்த்த ஓட்டைக்குச் சற்றுப் பின்னால், முன் இருக்கைக்கு அடியில் குறுக்காக ஓடும் உத்தரம் ஒன்று உண்டு. டார்ஷன் பார்கள் இரண்டும் தங்கள் பின்முனையை அதில்தான் ஊன்றி நிற்கின்றன. முன்பாதி வண்டியின் சுமை அந்த முறுக்கின் வழியே அங்கே வந்து இறங்குகிறது. அதன் முனைகள் துருவில் போயிருந்தால் தரைத் தகடு புதிதாகப் போட்டும் பயனில்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்து, உத்தரத்தின் இரு முனைகளிலும் குத்திப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சத்தம் கொடுக்கும், கெட்ட இடம் மொத்தென்று உள்வாங்கும். அதேபோல் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கும் இடத்தையும், பின் சட்டப் பெட்டிகளையும் குத்திப் பாருங்கள். இந்த மூன்று இடங்களின் முடிவுதான் இந்தத் திட்டம் ஓராண்டு வேலையா மூன்றாண்டு வேலையா என்பதைத் தீர்மானிக்கும். ஜாக்கி போட்டு மட்டும் அடியில் படுக்காதீர்கள், நான்கு தாங்கிகளும் நல்ல இரும்பின் கீழ் நிற்க வேண்டும்.

ஓட்டை ஏன் வந்தது என்பதையும் கண்டுபிடியுங்கள். மிச்சிகனின் குளிர்கால உப்பு கீழிருந்து அரித்தது ஒரு பங்கு. மற்றொரு பங்கு மேலிருந்து வருகிறது. முன்கண்ணாடிக்கு முன்னால் காற்று நுழையும் சல்லடைக்கு அடியில் ஒரு அறை இருக்கிறது. இலைக்குப்பை அங்கே மக்கி, ஈரம் நின்று, அந்த அறையின் அடித்தகடு ஊசித்துளைகளாக அரித்துவிடும். ஒரு செம்பு தண்ணீரைச் சல்லடையில் ஊற்றிவிட்டு டேஷ்போர்டின் அடியில் விளக்கடித்துப் பாருங்கள். தண்ணீர் உள்ளே சொட்டினால், அதை அடைக்காமல் போடும் புதிய தரையும் சில ஆண்டுகளில் இதே கதிக்கு வரும். டிக்கி ஓரங்கள் அரித்ததற்குப் பின்கண்ணாடியின் கீழ் விளிம்பு காரணமாக இருக்கலாம். பளபளப்புப் பட்டையைக் கழற்றினால் தெரிந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் இங்கே தவறினால் திருத்த வழியில்லை. வண்டியின் எடை அச்சுகளின் மேலேயே நிற்கும்படி தாங்கிகளை வையுங்கள். கதவுகளைச் சாத்தி, சுற்றியுள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். பிறகு கதவைக் கழற்றிவிட்டு, கதவு வாயிலின் குறுக்கே சதுரக் குழாயை மூலைவிட்டமாகப் பற்றவைத்து இறுக்குங்கள். கீழ்ப்புறத்தில் பழுதுபார்ப்பு நூல் காட்டும் புள்ளிகளுக்கு இடையே மூலைவிட்ட அளவு எடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி, அதை முடித்து, மீண்டும் அளந்து, பிறகே மறுபக்கத்துக்குப் போங்கள். என் முதல் காரில் இரு பக்கத் தரையையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தேன். மாலையில் கதவைப் பூட்டிப் பார்த்தபோது பின் விளிம்பு தூணில் இடித்தது. அதைச் சரிக்கட்ட எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் ஆயிற்று.

தொழிற்சாலைப் பற்றுப்புள்ளிகளை அவற்றுக்கென்று உள்ள துளைப்பானால் எடுத்துப் புதிய தகட்டில் துளையிட்டு நிரப்பிப் பற்றவையுங்கள். விளிம்போடு விளிம்பு சேரும் இடத்தில் 0.6 மில்லிமீட்டர் கம்பியால் ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு முழம் தள்ளி, மூன்றாவது நடுவில் என்று சூடு ஆற ஆற வைக்க வேண்டும். தொடர்ச்சியாக இழுத்தால் தகடு அலையாக நெளியும். இதைப் பழகக் கார் வேண்டாம். பழைய பானட் ஒன்றைப் பழுதடைந்த வண்டிகள் கிடக்கும் இடத்தில் வாங்கித் துண்டாக்கி ஐம்பது முறை வெட்டி ஒட்டுங்கள். என் கராஜுக்கு வந்தால் சேர்ந்து பழகலாம்.

பெயின்ட்டை அகற்ற மணல் வீச்சுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், பானட், கூரை, கதவின் வெளித்தகடு போன்ற அகன்ற தகடுகளைக் கொடுக்காதீர்கள். ஒரு பட்டறை என் பானட்டை அப்படி வீசித் திருப்பிக் கொடுத்தது. நடுவில் தட்டினால் டப்பா மூடிபோல் உள்ளே வெளியே குதித்தது. அவற்றை இரசாயனத்தாலும் கையாலும் எடுக்கலாம். வெறும் இரும்பாக்கிய அன்றே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். பட்டி அதற்கு மேல், மெல்லிய பூச்சாக. கடைசிப் பூச்சை இதற்கென்று காற்றோட்டக் கூடம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். இக்கால இரண்டு கலவைப் பெயின்ட்டில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகமூடி அதற்குப் போதாது. பிரேக் டிரம்மைத் திறக்கும்போதும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் அஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரமாக்கித் துடைத்து எடுங்கள்.

மறுமொழி 3: மின்வடம்

ஒரே ஒரு செய்தியைச் சொல்ல வந்தேன்: பாட்டரியை இன்னும் இணைக்கவில்லை என்றால் இணைக்காதீர்கள்.

இந்தக் காலத்துக் கிரைஸ்லர் வண்டிகளில் ஆல்டர்னேட்டர் தரும் மின்னோட்டம் என்ஜின் அறைச் சுவரில் உள்ள பெரிய இணைப்புப் பெட்டியைத் தாண்டி உள்ளே வந்து, டேஷ்போர்டில் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரின் ஊடாகப் பாய்ந்து, அதே பெட்டி வழியாகத் திரும்பி வெளியே போய்த்தான் பாட்டரியை அடைகிறது. வண்டியின் முழு மின்சுமையும் கால் அங்குலத் தகட்டு முனைகளையே நம்பியிருக்கிறது. அந்த முனைகளில் பச்சை பூத்துவிட்டால் தடை கூடி, சூடு ஏறி, பிளாஸ்டிக் உருகும். பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். தடித்த சிவப்பு, கருப்பு வயர்களின் முனையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி வளைந்திருந்தால் நான் சொல்வது அங்கே ஏற்கெனவே நடந்திருக்கிறது. அம்மீட்டரின் பின்புறத்து இரண்டு நட்டுகளும் தளர்ந்திருந்தால் அதுவும் தீ பிடிக்கும் இடம்தான்.

பழைய வயரிங் பார்க்க நன்றாக இருந்தாலும் முழுத் தொகுதியாகப் புதிதே போடுங்கள், அதே நிறக் கோடுகளுடன் செய்து விற்கிறார்கள். அத்துடன் ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு நேராக ஒரு தடித்த வயரைக் கொண்டுபோய், நடுவில் மின்னோட்டம் மிகுந்தால் உருகி அறுந்துவிடும் உருகு இணைப்பு வைத்துவிட்டால், சுவரைத் தாண்டும் மின்னோட்டம் பெருமளவு குறையும். அமெரிக்க அளவு எண்ணில் வயரைவிட நான்கு எண் மெலிந்தது உருகு இணைப்பு. 12ஆம் எண் வயருக்கு 16ஆம் எண். அம்மீட்டர் முள் அசைவது குறைந்துவிடும் என்பதால் சிலர் இந்த மாற்றத்தை விரும்புவதில்லை. எனக்கு இதில் இரண்டாம் கருத்து இல்லை. நீங்கள் வயதான ஓர் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டப் போகிறீர்கள்.

மறுமொழி 4: வால்வுச் சத்தம்

முழுவதும் பிரித்துக் கூடாக்கச் சொன்ன டொலீடோ அண்ணனிடம் எனக்கு மரியாதை உண்டு, என் காருக்கான பாதி அறிவு அவரிடம் பெற்றது. ஆனாலும் இந்த இடத்தில் உடன்பட முடியவில்லை. முதல் காரை எடுத்தவர்கள் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டிகளில் போட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டில் அந்தப் பெட்டிகளோடு வண்டியை விற்றுவிட்டதை நான் பல முறை கண்டிருக்கிறேன். பென்சில்வேனியாவின் கார்லைலில் ஜூலை மாதம் நடக்கும் கிரைஸ்லர் கூட்டத்துக்குப் போனால் அப்படிப்பட்ட வண்டிகள் விற்பனைக்கு நிற்பதைப் பார்க்கலாம். அந்த அம்மாவுக்கு நீங்கள் கொடுத்த வாக்குக்கு எதிரான முடிவு அதுதான். உத்தரம் நன்றாக இருந்தால், வண்டியை வண்டியாகவே வைத்துக்கொண்டு ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு பகுதியை முடியுங்கள். உத்தரம் போயிருந்தால் அண்ணன் சொல்வதே சரி.

என்ஜினை எழுப்பும் முறை இது. ஸ்டார்ட்டரால் சுழற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஸ்பார்க் பிளக்குகள் எட்டையும் எடுத்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் துருவிளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு கிராங்கின் முன் போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டுக் கையால் மட்டும் முன்னும் பின்னும் அசையுங்கள். கால் சுற்று அசைந்தால் மீதியும் வரும். வால்வு மூடிகளைக் கழற்றி வைத்துக்கொண்டு சுழற்றுங்கள், ஏதாவது வால்வு இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். மேலும் சுழற்றினால் தள்ளுதண்டு வளையும்.

அடுத்தது எண்ணெய். முப்பது ஆண்டு நின்ற பேரிங்குகள் வறண்டிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரையும் அதன் கீழுள்ள பல்சக்கரத் தண்டையும் மேலே உருவிவிட்டு, 5/16 அங்குல அறுகோணக் கம்பியை எண்ணெய்ப் பம்ப்பில் இறக்கி, டிரில்லால் இடஞ்சுழியாகச் சுழற்றுங்கள். இந்தப் பெரிய என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் இடஞ்சுழி. சிறிய 318 கன அங்குல என்ஜினில் வலஞ்சுழி, அதைச் செய்து பழகியவர்கள் இங்கே தவறிவிடுகிறார்கள். அழுத்தம் ஏறும்போது டிரில் கையில் கனக்கும், அது நல்ல அறிகுறி. ஒருவர் டிரில் பிடிக்க, இன்னொருவர் கிராங்கை மெதுவாகத் திருப்ப வேண்டும், ஏனென்றால் கேம் ஷாப்ட் குறிப்பிட்ட நிலையில் வரும்போதுதான் வால்வுகளை இயக்கும் ராக்கர் தண்டுகளுக்கு எண்ணெய் ஏறும். இரண்டு பேர் இல்லாமல் இதைச் செய்ய முயலாதீர்கள்.

பெட்ரோல் தொட்டியில் இருப்பதை என்ஜினுக்குள் விடக் கூடாது. தொட்டியை இறக்கி அப்புறப்படுத்துவது வெல்டிங்குக்கு முன்பே நடந்தாக வேண்டிய வேலையும்கூட. ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் புதியவையாக மாற்றுங்கள். ஈயம் கலந்த பெட்ரோலுக்கென்று செய்த என்ஜின் என்பதால், எப்போதாவது சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினால் வெளியேற்று வால்வுகளுக்குக் கடினப்படுத்திய இருக்கை வளையங்களைப் போட்டுவிடுங்கள், ஆனால் அதற்காகவே ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. தட்டை டேப்பெட் உள்ள கேம் ஷாப்ட் என்பதால் துத்தநாகச் சேர்மம் கூடுதலாக உள்ள எண்ணெய் தேவை, இன்றைய கார்களுக்கான சாதாரண எண்ணெய் போதாது.

என்ஜின் அந்தக் காரோடு பிறந்ததா என்று பார்க்க, வலப்பக்கத்தில் எண்ணெய்த் தொட்டி பூட்டும் விளிம்பைச் சுத்தம் செய்து பாருங்கள். டேஷ்போர்டுத் தகட்டின் கடைசி எண்கள் அங்கே பொறித்திருந்தால் காரின் மதிப்பு கூடும். பொறித்திருக்காவிட்டாலும் 383 என்பது அரிதான என்ஜின் அல்ல, நல்ல நிலையில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்: கொட்டகை68

சனிக்கிழமை டொலீடோ அண்ணனும் வால்வுச் சத்தமும் வந்திருந்தார்கள். மின்வடம் மதியத்துக்கு மேல் சேர்ந்துகொண்டார். அண்ணன் இடப்பக்க நட்டைக் கடிகார திசையில் திருப்பச் சொன்னார். இரண்டு முறை முனகிவிட்டுக் கழன்றது. எல் என்ற எழுத்து தெளிவாக இருக்கிறது.

தகட்டில் ஜி, ஆகவே செயின்ட் லூயிஸ். பின் இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்குள் தயாரிப்புத் தாள் இருந்தது. ஒரு மூலையை எலி தின்றிருக்கிறது, மீதி அப்படியே உள்ளது. நான் விரிக்கவில்லை, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, பழந்தாள்களைப் பாதுகாக்கும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன்.

என்ஜின் எண் பொருந்தவில்லை. அதை நான் சொன்னபோது பெரியவரின் மனைவியான அந்த அம்மா வியப்படையவில்லை. உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தார். பழைய என்ஜினில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு முறிந்து பக்கச் சுவர் உடைந்துவிட்டதாகவும், 1976இல் பெரியவர் வேறொரு 383ஐ வாங்கித் தம்பியோடு சேர்ந்து இதே கொட்டகையில் ஏற்றியதாகவும் சொன்னார். அந்த ரசீதும் டப்பாவில் இருந்தது. வால்வுச் சத்தம் கையால் திருப்பியபோது கிராங்க் கால் சுற்று வந்து, திரும்பவும் வந்தது. அந்த என்ஜினை நான் மாற்றப் போவதில்லை.

உத்தரத்தின் வலமுனை கணீரென்றது. இடமுனையில் ஸ்க்ரூ டிரைவர் பிடி வரை உள்ளே போனது. ஆகவே முழுவதும் பிரிக்கிறோம், ஆனால் ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். இணைப்புப் பெட்டியின் சிவப்பு வயர் முனை மின்வடம் சொன்னபடியே பழுப்பாகி வளைந்திருந்தது, படத்தை நாளை இடுகிறேன். இந்த ஆகஸ்ட் இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த ஆண்டு அவருக்கு 80 வயது ஆகிறது, அதற்குள் முடித்தால் போதும் என்றார்.

வரும் சனிக்கிழமை பெட்ரோல் தொட்டியை இறக்கி, டார்ஷன் பார்களை எடுக்கிறோம். தண்டில் கீறல் விழாமல் பிடித்து இழுக்கும் கவ்வி யாரிடமாவது இருந்தால் அந்த ஒரு நாளைக்குத் தந்து உதவ வேண்டும். நானே வந்து வாங்கிக்கொண்டு, திங்களன்று திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன்.